தையல் வகுப்பில் ஒரு கொலை விசாரணை: சிரிப்புத் துப்பறியும் கதை எழுத வருபவர்களுக்கு

குடியை விட்ட ஒரு கிழவி. சூதாட்டத்தை விட்ட ஒரு இளம்பெண். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஊரில் ஒருவர் கொலையாகிறார். இதை வைத்துக்கொண்டு, நம் மலேசியத் தோட்டப்புறத்து நகரம் ஒன்றில் நடக்கிற மாதிரி, படிப்பவர் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு துப்பறியும் கதையை எழுதுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லப்போகிறேன். இதுவரை ஒரு சிறுகதைகூட எழுதாதவர்களை மனதில் வைத்தே சொல்கிறேன்.

என் சித்தி பல வருடம் குடித்தவர், அப்புறம் விட்டவர். இந்த வகைக் கதை ஒன்றை நான் முதன்முதலில் எழுதியபோது, தள்ளாடும் பெண் ஒருத்தியை வைத்துச் சிரிப்புக் காட்டியிருந்தேன். சித்தி படித்து முடித்துக் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, "இவ தள்ளாடுனதுக்குச் சிரிக்கிறவங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிச்சவங்கதாம்மா" என்றார். அந்தப் பிரதியை அன்றே ஓரம் கட்டினேன்.

அதன் பிறகு நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். போதையிலிருந்து மீண்டு வருகிறவளுக்குப் பொய் தெரியும். எத்தனையோ வருடம் பொய்யிலேயே குடித்தனம் நடத்தியவள் அவள். எந்தப் பொய்யை எப்படித் தைப்பார்கள், எந்த இடத்தில் தையல் பிரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் துப்பறிவதற்கு அந்த அறிவு போதும். அவளைச் சுற்றி எழும் சிரிப்பும் அவளுடைய தெளிவிலிருந்தே வரவேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் ஊரைக் கட்டுங்கள்

ஒரு தாளை எடுத்து ஊரின் வரைபடத்தைப் போடுங்கள். உண்மையான ஊரின் பெயரை வைக்காதீர்கள். கொலைகாரன் வேலை பார்க்கும் இடம் யாருடைய நிஜ வேலையிடமாகவும் ஆகிவிடக்கூடாது. தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் இடையில் எங்கோ ஒரு கற்பனை ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் மைலைக் கட்டை என்றுதானே சொல்வார்கள்? ஊருக்கு 'ஆறாங்கட்டை' என்று பெயர் வையுங்கள், படிப்பவர் உடனே உள்ளே வந்துவிடுவார்.

என்ன இருக்கும் இந்த ஊரில்? ஒரு வரிசைக் கடைவீடு, சீனர் மருந்துக்கடை, மாமாக் கடை, அடகுக்கடை, லாட்டரி விற்கும் நம்பர் கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, அரசாங்கக் கிளினிக், ஊருக்கு வெளியே எண்ணெய் ஆலை. ஆலை என்றால் அதன் வாசலில் லாரி ஏறி நிற்கும் எடைமேடை. சுற்றிலும் செம்பனை. இந்தச் செம்பனை நாட்டில் வணிகப் பயிராக முதலில் ஊன்றப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில். பிறகு பல தோட்டங்களில் கித்தா என்ற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்களில் பெரும்பாலோர் லயத்து வீடுகளை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்கு வீடுகளுக்கும் வந்துவிட்டார்கள். இன்று குலை வெட்டுவதில் பெரும்பகுதி இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களின் வேலை. கதை 2020-களில் நடக்கிறதென்றால் இதெல்லாம் அப்படியே இருக்கவேண்டும். பால் வாளியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் கிழவியின் நினைவில் வரலாம், தெருவில் வரக்கூடாது.

குடி இந்த மண்ணில் வெறும் தனிமனிதப் பழக்கமாக வந்ததில்லை, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து நடத்திய காலம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று கேட்டார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கையும் இருந்தது. போருக்குப் பிறகு கெடாவில், பீடோங் பக்கத்தில், தொண்டர் படை கள்ளை எதிர்த்துக் கிளம்பியது. உங்கள் கிழவியின் அம்மா அந்தப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னவளின் மகள் சம்சு என்ற மலிவுச் சாராயப் பாட்டிலைப் பிடித்துவிட்டாள் என்ற வெட்கம் அந்த ஒரு வரியில் வந்துவிடும், பக்கம் பக்கமாக அழவைக்க வேண்டியதில்லை.

இரண்டு பெண்கள்

நான் பயிற்சிக்காக எழுதிய கதையையே உதாரணமாகத் தருகிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரகதம், வயது 66. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். அம்மாமார் விடியற்காலையில் கித்தா மரத்தில் பால் வெட்டப் போகும்போது, ஊரின் அத்தனை குழந்தைகளும் இவர் கட்டிய தூளியில்தான் கிடந்தன. ஊரே 'ஆயா' என்றுதான் கூப்பிடும். சின்ன வயதில் யார் யாரைக் கடித்தான், யார் பால்மாவைத் திருடித் தின்றுவிட்டு அடுத்தவன் வாயில் பூசிவிட்டான் என்பதெல்லாம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. துப்பறிபவருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. குடியை விட்டு ஆறு வருடம்.

ஷர்மிளா, வயது 31. கோலாலம்பூரில் கணக்கு வேலை பார்த்தவள். கைப்பேசிச் சூதாட்டத்தில் சம்பளம், சேமிப்பு, கூட்டுப் பணம் எல்லாம் போய், ஆலோங் என்ற கந்துவட்டிக்காரனிடம் கடன் பட்டு, அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். விட்டு 23 நாள். எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுவாள். யாரையும் நம்பமாட்டாள், முதலில் தன்னை.

பொருத்தமின்மையை வயதோடும் உடையோடும் நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் மனிதரைப் படிப்பவர், மற்றவள் எண்ணைப் படிப்பவள். ஒருவருக்கு அவசரமே கிடையாது, மற்றவளுக்குப் பொறுமையே கிடையாது. ஷர்மிளா எவ்வளவு கம்பீரமாக ஒரு திட்டத்தைச் சொன்னாலும் ஆயாவுக்கு அவள் தூளியில் கிடந்த பிள்ளைதான். "ஒனக்குத் துணி மாத்துனவடி நான்" என்று இன்ஸ்பெக்டர் எதிரிலேயே சொல்லிவிடுவார். இன்ஸ்பெக்டர் தமிழராக இருந்தால் அவருக்கும் துணி மாற்றியிருக்கலாம். இப்படி ஒரு வேலையைக் கிழவிக்குக் கொடுத்துவிட்டால் சிரிப்பு தானாக ஊறும், நீங்கள் போய் இறைக்கவேண்டாம்.

மீட்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கதை பொய்யாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்களே ஒரு பொருந்தா ஜோடிதான்: நியூயார்க்கிலிருந்து வந்த பங்குத் தரகர் ஒருவர், உள்ளூர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர். இயக்கத்தில் பில், பாப் என்றே அவர்களைச் சொல்வார்கள். குடிகாரனிடம் இன்னொரு குடிகாரன் பேசினால் அவன் காது கொடுப்பான் என்பதுதான் அவர்கள் கண்டுகொண்டது. உங்கள் இரண்டு பெண்களும் நிற்கும் தரையும் இதுவே. பன்னிரண்டு படிகள் 1939-இல் அச்சுக்கு வந்தன. சூதாட்டத்திலிருந்து மீள்பவர்களுக்கான கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் 1957-இல் வந்தது. இரண்டும் தனித்தனிக் கூட்டங்கள். சின்ன ஊரில் பெண்கள் தாங்களாகவே ஒன்றுகூடி, குடியை விட்டவளும் சூதை விட்டவளும் ஒரே பாயில் உட்காரும் ஒரு குழுவை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கு அந்த இயக்கங்களின் பெயரை ஒட்டவைக்காதீர்கள்.

நம் ஊரில் ஆண் குடித்தால் தெருவுக்கே தெரியும். பெண் குடித்தால் வீட்டுக்கே தெரியாது. ஆகவே பெண்கள் கூட்டத்துக்கு வருவதற்கே ஒரு மறைப்பு வேண்டும். என் கதையில் அதன் பெயர் 'தையல் வகுப்பு'. புதன்கிழமை சாயங்காலம் 5 மணியிலிருந்து 6.30 வரை, மூடிக் கிடக்கும் பழைய ஆயாக்கொட்டகையில். வாசலில் ஒரு தையல் மெஷின் நிற்கும். வந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தைக்கத் தெரியாது. தீபாவளி நெருங்க நெருங்க ஊர்ப் பெண்கள் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பிக்கிறார்கள். மறுக்கவும் முடியாது, தைக்கவும் முடியாது. இந்த ரவிக்கைகள் கதை முழுக்க வரலாம்.

கூட்டத்துக்குள்ளே நடப்பதைச் சரியாக எழுதுங்கள். ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்கும். ஒருத்தி தன்னைப் பற்றி வெளியே சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவளைப் பற்றிச் சொல்லக்கூடாது. (இந்தக் கடைசி விதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முடியும்போது தேவைப்படும்.) நாள் எண்ணுவார்கள், புதிதாக வந்தவளுக்கு முப்பதாவது நாள் ஒரு பெருநாள் மாதிரி. ஸ்பான்சர் என்று முன்னே போனவர் ஒருவர் துணை இருப்பார். தடுமாற்றம் வந்தால் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா?

இன்னும் ஒன்று. வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாதது கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் பார்க்கவேண்டிய விஷயம் அது. அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்துவதைச் சிரிப்புக் காட்சியாக எழுதாதீர்கள். யாராவது அதைப் பார்த்து வீட்டில் செய்துவிடுவார்கள்.

எட்டாவது, ஒன்பதாவது படிகள் கதைக்காரருக்குப் பெரிய கொடை. தான் காயப்படுத்தியவர்களின் பட்டியலை எழுதி, மற்றவருக்குக் கெடுதல் வராத இடங்களில் நேரில் போய் ஈடுசெய்யவேண்டும். ஆயா ஒரு தமிழ்ப்பள்ளி நோட்டில் 41 பெயர் எழுதி வைத்திருக்கிறார். ஊரில் எந்த வீட்டுக் கதவையும் தட்ட அவரிடம் காரணம் இருக்கிறது! ஷர்மிளா இதைக் கண்டதும் விசாரணைக்குப் பயன்படுத்தலாம் என்கிறாள். "மன்னிப்பை உளவுக்கு அனுப்பக்கூடாதுடி" என்கிறார் ஆயா. கடைசியில் இருவரும் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆயா நெஞ்சாரப் பேசி, அழுது, கட்டிப்பிடித்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, கேட்கவேண்டிய கேள்வியை மறந்தே போகிறார். பின்னாலிருந்து ஷர்மிளா கிள்ளிக்கொண்டே இருக்கிறாள். அந்த மன்னிப்பு உண்மையாக இருப்பதால்தான் காட்சி சிரிக்க வைக்கிறது. ஆயா நடித்தால் விழுந்துவிடும்.

யார் செத்தது, எப்படி

செத்தவர் பெயர் மாணிக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர். சந்தடி இல்லாமல் கள்ளச் சாராயமும் விற்பவர். வியாழன் காலை, தோட்டத்து உள்சாலையில் காலி லாரி கால்வாயில் சாய்ந்து கிடக்க, உள்ளே பிணம். விபத்து மாதிரி இருக்கிறது, ஆனால் தலையில் பட்ட அடி லாரி சாய்ந்ததால் பட்ட அடி இல்லை.

களைக்கொல்லியை மட்டும் கொலைக்கு எடுக்காதீர்கள். பாரக்குவாட் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களை அழவைத்தது என்று ஊரில் கேட்டால் தெரியும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பெயரைப் படித்தவுடன் தெரிந்த ஒரு முகம் கண்முன் வந்து நிற்கும். பிறகு அடுத்த பக்கத்தில் சிரிக்கச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்? கொலையை ஒரு வரியில் முடித்துவிடுங்கள், இரத்தத்தை வருணிக்க வேண்டாம்.

சந்தேகம் பாக்கியத்தின் மேல் விழுகிறது. அவள் புருஷன் மாணிக்கம் விற்ற சாராயத்தைக் குடித்துக் கண்பார்வையை இழந்தவன். கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்தால் கண் போகும், உயிரும் போகும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் அப்படிக் குடித்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாக்கியம் சந்தையில் பத்துப் பேர் பார்க்க, "ஒன் தலையப் பொளந்துடுவேன்" என்று மாணிக்கத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். அவளும் தையல் வகுப்புக்காரி.

மாணிக்கத்துக்காக உண்மையாக அழும் ஒருவரையும் வையுங்கள். என் கதையில் அது ஒன்பது வயது மகள். பிணம் வெறும் புதிராகிவிட்டால் சிரிப்பு கல்நெஞ்சாகிவிடும்.

சட்டம் கொடுக்கும் கெடு

துப்பறியும் கதைக்கு ஒரு கெடு வேண்டும். நம் நாட்டுச் சட்டமே அதைக் கொடுக்கிறது. கைதானவரை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117-ஆவது பிரிவின்படி, கொலை போன்ற பெரிய வழக்கில் முதலில் 7 நாள், பிறகு இன்னும் 7 நாள், ஆக மொத்தம் 14 நாள் தடுப்புக்காவல். அதற்குள் குற்றம் சாட்டவேண்டும், இல்லையென்றால் விடவேண்டும். பாக்கியத்துக்கு 14 நாள். கதைக்கு 14 அத்தியாயம். முதலில் எழுத வருபவருக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடையாது.

அப்புறம் பாருங்கள், ஷர்மிளாவும் நாள் எண்ணுகிறாள். அவளுடைய 30-ஆவது நாள் பாக்கியத்தின் ஏழாவது நாளில் வருகிறது. காவல் நீட்டிக்கப்படும் அதே நாளில் இவளுக்குக் கேக் வெட்டவேண்டும். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று உரசட்டும்.

வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்த ஜூரியை நீதிமன்றத்தில் உட்காரவைத்துவிடாதீர்கள். இங்கே 1995-இலேயே ஜூரி முறை எடுக்கப்பட்டுவிட்டது. கொலைக்குத் தண்டனைச் சட்டம் 302-ஆவது பிரிவு. 2023 ஜூலை முதல் மரண தண்டனை கட்டாயமில்லை. நீதிபதி 30 முதல் 40 வருடம் வரை சிறையும் விதிக்கலாம்.

துப்பைச் சிரிப்புக்குள் ஒளியுங்கள்

நான் அதிகம் பாடுபட்டது இந்தப் படியில்தான், இங்கே கொஞ்சம் நிற்போம்.

நம் ஊர்களில் ஒரு வாகனம் விபத்தில் சிக்கினால் கூட்டத்தில் பாதி நம்பர் பிளேட்டைத்தான் முதலில் பார்க்கும். அந்த நாலு எண்ணை எடுத்துக்கொண்டு நேரே நம்பர் கடைக்கு. புதன், சனி, ஞாயிறு குலுக்கல், மாலை 7 மணிக்கு. மாணிக்கத்தின் லாரி எண் 8316. வியாழன் காலை பிணம் எடுத்த ஒரு மணி நேரத்தில் ஊரே நம்பர் கடை வாசலில் நிற்கிறது. கவுண்டர்க்காரர் தலையில் கை வைத்துச் சொல்கிறார்: அந்த எண் நேற்றே விழுந்துவிட்டது, ஆறுதல் பரிசு. ஊர் முழுக்க ஒப்பாரி. மாணிக்கத்துக்கு அழாதவன்கூட அந்த எண்ணுக்கு அழுகிறான். "ஒரு நாள் முன்னாடி செத்திருக்கக்கூடாதா!" என்கிறார் ஒரு தாத்தா.

படிப்பவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். துப்பு அங்கேதான் கிடக்கிறது. ஷர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. புதன்கிழமைக் குலுக்கலில் அந்த எண்ணை யாராவது வைத்திருந்தார்களா? ஒரே ஒருத்தன் எடுத்திருக்கிறான். இன்னும் பரிசை வாங்க வரவில்லை. புதன் மாலை 7 மணிக்கு முன்னாலேயே 8316-ஐ எடுக்க ஒருவனுக்கு என்ன காரணம்? லாரி அப்போதே கால்வாயில் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

ஆனால் ஆலையின் எடைமேடைச் சீட்டு புதன் இரவு 7.40-க்கு அதே லாரி குலையோடு ஏறி எடை போட்டதாகச் சொல்கிறது. அதை நம்பித்தான் போலீஸ் சாவு 7.40-க்குப் பிறகு என்று முடிவு கட்டியது. 5 மணியிலிருந்து 6.30 வரை பாக்கியம் எங்கே இருந்தாள் என்பது அதனால் யாருக்கும் தேவைப்படாமல் போனது. இரண்டு துண்டுக் காகிதம். இரண்டும் உண்மையாக இருக்கமுடியாது.

ஆயாவுக்கு வேறு வழியாக அதே இடம் தெரிகிறது. வியாழன் காலை உள்சாலையில் குலை சேர்த்துவைக்கும் மேடையில் குலைகள் அப்படியே குவிந்து கிடந்தன. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், வைத்திருந்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். 7.40 சீட்டு சொல்கிறபடி இரண்டாவது நடை போயிருந்தால் இந்த மேடை காலியாக அல்லவா இருக்கவேண்டும்? போகாத நடைக்குச் சீட்டு எழுதியவன் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி. ஒரு லோடுக்கு இரண்டு சீட்டு போட்டு அவனும் மாணிக்கமும் பங்கு பிரித்துவந்தார்கள், பங்கில் தகராறு. அந்தக் கிராணி சின்ன வயதில் பால்மா திருடி அடுத்தவன் வாயில் பூசியவன். முதல் அத்தியாயத்திலேயே இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

எண் விழுந்தது தற்செயல்தானே என்று கேட்பீர்கள். கதைக்கு ஒரு தற்செயலை அனுமதிக்கலாம், அது பிரச்சினையைக் கிளப்பினால். பிரச்சினையைத் தீர்க்கும் தற்செயல் வேண்டவே வேண்டாம்.

சீட்டை எடுத்தவன் லாரியில் கூடப்போகும் பையன். பிணத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவன், ஓடுகிற வழியில் நின்று நம்பர் எடுத்திருக்கிறான். ஆயாவால் இதை நம்பவே முடியவில்லை. ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள்: "நானா இருந்தாலும் எடுத்திருப்பேன் ஆயா." கதையின் நெஞ்சு இந்த வரியில் இருக்கிறது. போலீஸுக்கு இது தோன்றாது.

இந்தத் துப்பு கிடக்கும் இடம் ஷர்மிளா கால் வைக்கக்கூடாத இடம் என்பதையும் கவனியுங்கள். விசாரணையும் மீட்சியும் ஒரே வாசலில் மோதவேண்டும். அவள் எதிர்வரிசை மாமாக் கடையில் உட்கார, ஆயா கவுண்டருக்குப் போகிறார், கைப்பேசியைக் காதில் வைத்தபடி.

"ஆயா, உள்ள போயிட்டீங்களா?"

"போயிட்டேன். முன்னால ஆறு பேரு. எல்லாம் நம்ம கொட்டகையில வளந்ததுங்க. என்னைப் பார்த்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிறானுங்க."

"எட்டு மூணு ஒண்ணு ஆறு. புதன்கிழமை யாரு எடுத்தான்னு கேளுங்க."

"ஏன்டி, ஒன் கொரலு நடுங்குது?"

"ஒண்ணுமில்ல. கேளுங்க ஆயா, உங்க நம்பர் வந்துடும்."

"என் நம்பரு எங்க வருது, நான்தான் எடுக்கவே இல்லையே. காலையில பசியாறுனியா?"

"...இல்ல."

"மொதல்ல ஒரு ரொட்டி சானாய் சொல்லு. நீ சாப்புடுற சத்தம் கேட்டாத்தான் நான் வாயத் தொறப்பேன்."

கவுண்டரில் வரிசை தேங்கி நிற்கிறது. ஆயா அசையவில்லை. எதிரே ஒரு பெண் கண்ணீரோடு ரொட்டி சானாயை மென்றுகொண்டிருக்கிறாள். நான்கு கேள்விகளில் முதல் கேள்வியை ஆயா கேட்டுவிட்டார், அதற்குப் பெயர் சொல்லாமலேயே. நீங்களும் பெயர் சொல்லாதீர்கள்.

பேச்சு

உரையாடலை நம் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். பசியாறுவது, காடி, வெள்ளி, தாமான், கிராணி இவற்றையெல்லாம் சென்னைத் தமிழாக மாற்றவேண்டாம், அடைப்புக்குறியில் பொருள் சொல்லவும் வேண்டாம். மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தமிழ் எழுத்தில் வரட்டும். பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வை மட்டும் அளவோடு போடுங்கள், ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் வந்தால் கண்ணை உறுத்தும். கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும்.

முடிச்சை அவிழ்ப்பது

எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் கொலைகாரனைச் சுட்டிக்காட்டும் காட்சி தோட்ட ஊருக்கு ஒட்டாது. இங்கே எல்லாம் காவல் நிலைய நாற்காலியில்தான் முடியும். சாவு மாலை 5-க்கும் 6.30-க்கும் இடையில் என்று பையனின் வாக்குமூலத்தில் ஆகிவிட்டது. பாக்கியம் அப்போது கூட்டத்தில் இருந்தாள். அதை யார் சொல்வது? அடுத்தவளைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பது விதி. மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

பாக்கியம் தன் பங்கை லாக்கப்பிலிருந்து தானே சொல்கிறாள். அதற்குச் சாட்சி வேண்டும். பதின்மூன்றாவது நாள், முதலில் ஆயா வந்து உட்கார்கிறார். "என் பேரு மரகதம். நான் குடிச்சுக்கிட்டிருந்தவ. புதன்கிழமை அஞ்சு மணிக்கு நான் தையல் வகுப்புல இருந்தேன். அது தையல் வகுப்பு இல்ல." தன்னைப் பற்றி மட்டும் சொல்கிறார். அடுத்து ஷர்மிளா. அடுத்து, யாரும் கூப்பிடாமலே, பள்ளி ஆசிரியை ஒருவர். அப்புறம் கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி. இன்ஸ்பெக்டர் எழுதுகிறார், எழுதுகிறார், பேனா மை தீர்ந்து அடுத்த பேனாவை எடுக்கிறார். வெளியே பெஞ்சில், மூன்று மாதமாக ரவிக்கைக்குக் காத்திருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரவிக்கையைத் திருப்பிக் கேட்கத்தான் வந்தாள். எழுந்து ஆயாவிடம் வந்து, மெதுவாக, "அடுத்த புதன் நானும் வரலாமா ஆயா?" என்று கேட்கிறாள்.

இந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள். அப்புறம் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரிந்தவர் வழியில் துப்புகளைத் தைரியமாகப் போட்டுக்கொண்டே வரலாம். அத்தியாயத்துக்கு 600 சொல் என்று வைத்தால் 8,400 சொல் வரும், முதல் முயற்சிக்குத் தாராளம்.

எழுதி முடித்ததும் பிரதியை உங்கள் நண்பர்களிடம் கொடுப்பதற்கு முன், மீண்டு வந்த ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும். நான் புதிதாக எழுதியதைச் சித்தியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். ஆயா குடித்துக்கொண்டிருந்த காலத்தில் கிளாஸை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்ததாக எழுதியிருந்தேன். சித்தி அதைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். "கிளாஸ யாரும் ஒளிக்கமாட்டாங்க. கிளாஸு எல்லாரு வீட்லயும்தான் இருக்கு. பாட்டிலத்தான் ஒளிப்போம். அரிசி டிரம்முல, அடியில. வீட்ல சோறு வடிக்கிறது நாமதானே, வேற யாரு அதுக்குள்ள கைய விடப் போறா?"

மாற்றி எழுதினேன். இப்போது அரிசி டிரம் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது.